முப்பத்தெட்டரை மாத்திரை

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் இருக்கிற டப்பாதான். போன வாரம் அதைக் கவிழ்த்துச் சுத்தம் செய்தபோது பாராசிட்டமால் மட்டும் மூன்று வகை விழுந்தது. ஒன்று, 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப். இரண்டாவதும் சிரப்தான். அதே நிறம், அதே இனிப்பு, ஆனால் 5 மில்லியில் 250 மி.கி. மூன்றாவது கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து. அதில் 1 மில்லியிலேயே 100 மி.கி.

10 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கிலோவுக்கு 15 வீதம் ஒரு வேளைக்கு 150 மி.கி. முதல் பாட்டிலில் அது 6 மில்லி, இரண்டாவதில் 3, சொட்டு மருந்தில் ஒன்றரை. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அனலாய்க் கொதிக்க, "ஒரு மூடி ஊத்திக் குடும்மா" என்று பாட்டி சொல்ல, கைக்கு அகப்பட்ட பாட்டிலிலிருந்து 5 மில்லி ஊற்றினால் என்ன ஆகும்? 125 போகலாம், 250 போகலாம், 500கூடப் போகலாம். மூன்றில் சின்ன பாட்டில் சொட்டு மருந்துதான். மில்லிக்குச் சரக்கு கூடுதலாக இருப்பதும் அதில்தான்.

பெரியவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. 50 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் அநேகமாக ஒரே மாத்திரையை எழுதிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடலாம். குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு கட்டிலில் 800 கிராமில் பிறந்த குறைமாதக் குழந்தை, இன்னொன்றில் 80 கிலோ பத்தாம் வகுப்புப் பையன். நூறு மடங்கு வித்தியாசம். அதனால் ஒவ்வொரு சீட்டும் ஒரு கணக்கு: எடையால் பெருக்கி, பாட்டிலின் அடர்த்தியால் வகுத்து, வேளைகளாகப் பிரிக்க வேண்டும். ஜென்டாமைசின் ஊசி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மில்லி ஆம்பூலில் 80 மி.கி. இருக்கும். 3 கிலோ பச்சிளங்குழந்தைக்குக் கிலோவுக்கு 5 வீதம் 15 மி.கி. வேண்டும். அரை மில்லிகூட இல்லை, 0.375. உடைத்த ஆம்பூலுக்குள் அந்தக் குழந்தையின் ஐந்து நாள் மருந்து கிடக்கிறது. களைத்துப்போன கண் ஒரு புள்ளியை விட்டுவிட்டால் தடுத்து நிறுத்த அங்கே வேறொன்றும் இல்லை.

கணக்கு சரியாக வந்தாலும் சில சமயம் தப்பு நடக்கும். 1950களில் குளோரம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக்கைப் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு ஒத்துக்கொண்ட மருந்து. ஆனால் அதைப் பக்குவப்படுத்தி வெளியே தள்ளும் வேலை, பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் கைவந்திருக்காது. மருந்து உடம்பிலேயே தேங்கி, குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்தன. 1959இல்தான் காரணம் பிடிபட்டது. மருத்துவ நூல்களில் இன்றும் அதற்குப் பெயர் 'சாம்பல் குழந்தை' நோய். எடையோடு வயதையும் நாள் கணக்கில் கேட்க வேண்டும் என்பதை மருத்துவ உலகம் இப்படித்தான் கற்றுக்கொண்டது.

1999இல் பாஸ்டனில் இரண்டு மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுகளில் ஆறு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு மருந்து உத்தரவையும் சரிபார்த்தார்கள். ரெய்னு கௌஷல் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. 10,778 உத்தரவுகளில் 616 தவறுகள். பெரும்பாலானவை யாருக்கும் தீங்கு செய்யாமல் போனவை. 115 மட்டும் நூலிழையில் தப்பியவை, அதாவது தீங்கு செய்திருக்கக்கூடியவை. பெரியவர்கள் வார்டில் இருப்பதைவிட இந்த வகை மூன்று மடங்கு அதிகம். இவற்றில் 79 விழுக்காடு டாக்டர் எழுதும் இடத்திலேயே நடந்திருந்தது. ஊசி போட்ட நர்ஸ் கையில் இல்லை, மருந்து எடுத்துக் கொடுத்தவர் கையிலும் இல்லை. பேனாவிலேயே.

அப்படியென்றால் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு கணினியைக் கொடுத்தால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். அமெரிக்க மருத்துவமனைகள் அதைத்தான் செய்தன. டாக்டர் திரையில் மருந்தைத் தேர்ந்தெடுப்பார். குழந்தையின் எடை ஏற்கெனவே உள்ளே இருக்கும். கணினி பெருக்கிச் சொல்லும். உச்ச அளவைத் தாண்டினால், ஒவ்வாமை இருந்தால், இன்னொரு மருந்தோடு மோதினால் பெட்டி ஒன்று எழும்பி எச்சரிக்கும். பக்கத்தில் நின்று யோசனை சொல்லும் மூத்த டாக்டரைப் போல, முடிவெடுக்கத் துணை நிற்கும் மென்பொருள்.

2013 ஜூலையில் சான்ஃபிரான்சிஸ்கோவின் யூ.சி.எஸ்.எஃப். மருத்துவமனையில் நடந்ததை, அங்கேயே மூத்த மருத்துவராக இருந்த ராபர்ட் வாக்டர் தன் 'தி டிஜிட்டல் டாக்டர்' நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தன் மருத்துவமனையின் சறுக்கலை இவ்வளவு விரிவாக ஒருவர் எழுதுவது அபூர்வம் என்பதால் அதை மெதுவாகவே சொல்கிறேன்.

16 வயதுப் பையன். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு. குடல் பரிசோதனைக்காகச் சேர்ந்திருந்தான். தொற்று வராமலிருக்க வீட்டில் தினம் இரண்டு வேளை செப்ட்ரா என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஒவ்வொன்று சாப்பிடுகிறவன். வார்டிலும் அது தொடர வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மாத்திரையின் கணக்கு 160 மி.கி. பையனின் எடை 38.6 கிலோ. 40 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கிலோவுக்கு இத்தனை மி.கி. என்றுதான் எழுத வேண்டும் என்பது அங்கே அப்போதைய விதி. இன்னும் ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

இளம் டாக்டர் கிலோவுக்கு 5 என்று போட்டார். கணினி 193 என்றது. 193 மி.கி.யில் மாத்திரை எங்கே இருக்கிறது? பக்கத்தில் இருப்பது 160. ஆனால் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் மாறுவதானால் மருந்தாளுநர் தானாகத் திருத்தக் கூடாது, டாக்டரிடம் திருப்ப வேண்டும். இதுவும் விதி, இதுவும் நல்ல நோக்கத்தில் போட்டதுதான். 160க்கு மாற்றிப் போடச் சொல்லி மருந்தாளுநர் செல்போனில் செய்தி அனுப்பினார். டாக்டர் உத்தரவைத் திறந்து 160 என்று தட்டினார். பக்கத்துக் கட்டத்தில் 'மி.கி.' என்று இருக்கும் என்று நினைத்திருந்தார். அங்கே இருந்தது 'மி.கி. / கிலோ'.

160ஐ 38.6ஆல் பெருக்கிய கணினி, மாத்திரைக் கணக்குக்கு ஒட்டவைத்து முப்பத்தெட்டரை என்று எழுதியது.

கணினி சும்மா இருக்கவில்லை. அளவு மீறியது என்று டாக்டருக்கு எச்சரிக்கைப் பெட்டி எழும்பியது. அவர் மூடினார். மருந்தாளுநருக்கும் எழும்பியது, அவரும் மூடினார். அலட்சியம் என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த மருத்துவமனையில் அப்போது மாதம் சுமார் 3,50,000 மருந்து உத்தரவுகள். ஏறக்குறைய பாதிக்கு மருந்தாளுநர் திரையில் ஏதாவது ஒரு பெட்டி எழும்பும். டாக்டர்களுக்கு மாதம் 17,000. கொஞ்சம் கூடுதலான டோஸுக்கு வரும் பெட்டியும் கிட்டத்தட்ட நாற்பது மடங்கு டோஸுக்கு வரும் பெட்டியும் ஒரே நிறம், ஒரே எழுத்து, ஒரே அளவு. எந்நேரமும் ஹாரன் அடித்துக்கொண்டே வரும் டவுன் பஸ்ஸுக்கு நம் ஊரில் யார் ஒதுங்குகிறார்கள்?

அடுத்தது ரோபோ. 70 லட்சம் டாலர் விலை. கை தவறாது, எண்ணிக்கை பிசகாது. சொன்னபடி முப்பத்தெட்டரை மாத்திரைகளை எடுத்துப் பொட்டலம் கட்டியது. மருந்துக் கிடங்கில் ஒரு மனிதர் நின்று எண்ணியிருந்தால் பத்தாவது மாத்திரையிலாவது கை நின்றிருக்கும். வார்டில் அன்று வேறு பிரிவிலிருந்து வந்திருந்த நர்ஸ். இத்தனை பொட்டலமா என்று அவர் திகைக்கத்தான் செய்தார். ஆனால் டாக்டர் பார்த்தாயிற்று, மருந்தாளுநர் பார்த்தாயிற்று. பார்கோடை ஸ்கேன் செய்தால் திரையும் சரி, இதுதான் அளவு என்கிறது. விதவிதமான மருந்துகளுக்குப் பழகிப்போன பையனும் தயங்கவில்லை. ஒவ்வொன்றாக விழுங்கினான்.

சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் மரத்துப்போவது போல இருக்கிறது என்றான். பிறகு வலிப்பு வந்து நினைவு தப்பியது. பிழைத்துக்கொண்டான்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. பேனா இந்தத் தவறைச் செய்திருக்காது. பேனா புள்ளியை விடும், பூஜ்யத்தைக் கூட்டும், கோழி கிளறியது போல எழுதும். ஆனால் 'செப்ட்ரா, முப்பத்தெட்டரை மாத்திரை' என்று கைப்பட எழுத எந்த டாக்டருக்கும் கை வராது. பழைய தவறுகளைத் தடுக்கத்தான் இயந்திரம் வந்தது. இந்தத் தவறு அது வந்த பிறகு பிறந்தது.

இதற்குப் பதினோரு ஆண்டு முன்பே பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை இன்னும் கசப்பான பாடம் ஒன்றைப் படித்திருந்தது. 2002 அக்டோபரில் ஆறே நாளில் மருத்துவமனை முழுவதையும் கணினி உத்தரவுக்கு மாற்றினார்கள். வேறு மருத்துவமனைகளிலிருந்து ஆபத்தான நிலையில் அங்கே கொண்டுவரப்படும் குழந்தைகளில் முன்பு 2.80 விழுக்காடு இறந்தன. மாற்றியபின் வந்த ஐந்து மாதங்களில் 6.57. எண்ணிக்கையில் சொன்னால் முன்பு 1,394 பேரில் 39, பின்பு 548 பேரில் 36. ஆய்வாளர்களே 'எதிர்பாராத' என்ற சொல்லைத் தலைப்பில் போட்டு 2005இல் வெளியிட்டார்கள். முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே மருந்துக்குச் சொல்லிவிடுவார்கள். புதிய முறையில் குழந்தை உள்ளே வந்து பதிவான பிறகுதான் உத்தரவே போட முடியும். நொடியில் கிறுக்கிய சீட்டுக்கு இப்போது ஒன்றிரண்டு நிமிடம், சராசரியாகப் பத்துச் சொடுக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அவசர மருந்துகளும் மையக் கிடங்குக்குப் போய்விட்டன. டாக்டரும் நர்ஸும் கட்டிலை விட்டுவிட்டுத் திரையோடு மல்லுக்கட்டினார்கள். அதே நிறுவனத்தின் மென்பொருளைச் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை போட்டபோது இறப்பு கூடவில்லை. அவசர உத்தரவுகளை முன்கூட்டியே தொகுத்து வைத்துக்கொண்டு, பிட்ஸ்பர்க் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். ஸ்டான்ஃபோர்டின் குழந்தைகள் மருத்துவமனையில் இறப்பு குறைந்தே போனது. ஆக மென்பொருளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது, அதை மட்டும் மாலை போட்டுக் கொண்டாடவும் முடியாது.

இதுவரை பார்த்த இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. டாக்டர் முடிவெடுத்து முடித்த பிறகு வாய் திறப்பவை. முடிவுக்கு முன்னாலேயே கேள்வி கேட்கும் இயந்திரம் எப்படி இருக்கும் என்று பார்க்கப் பணக்கார நாடுகளை விட்டு வெளியே வர வேண்டும். தான்சானியாவுக்குப் போகலாம்.

அங்கே கிராமத்துச் சுகாதார நிலையங்களில் குழந்தையைப் பார்ப்பவர் பெரும்பாலும் முழுப் படிப்புப் படித்த டாக்டர் அல்ல. சில ஆண்டு பயிற்சி பெற்ற மருத்துவ அலுவலர். குழந்தை காய்ச்சலோடு வருகிறது. முன்பு மலேரியா மருந்து கொடுத்து அனுப்புவார்கள். விரைவுப் பரிசோதனை வந்து மலேரியா இல்லை என்று தெரிந்த பிறகு கை தானாக ஆன்டிபயாடிக் பக்கம் போனது. வேறென்ன செய்வார், பாவம்? அதே நாட்டில் காய்ச்சலோடு வந்த 1,005 குழந்தைகளை வலேரி தாக்ரெமோன் குழுவினர் ஆய்வகப் பரிசோதனைகளோடு துருவிப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். 70.5 விழுக்காட்டினருக்கு இருந்தது வைரஸ் நோய். ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லாத இடம்.

இந்தக் குழுவினரும் தான்சானிய ஆய்வாளர்களும் சேர்ந்து கைக்கணினியில் ஓடும் 'ஈ-பாக்ட்' என்ற செயலியை உருவாக்கினார்கள். (டேப்லெட் என்று எழுதினால் மாத்திரையா கணினியா என்று இந்தக் கட்டுரையில் குழம்பிவிடும்.) அது நோயின் பெயரைக் கேட்பதில்லை. குழந்தையின் வயது என்ன, எடை என்ன என்று ஆரம்பிக்கும். பால் குடிக்கிறதா? வலிப்பு வந்ததா? ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணு. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் இருந்தால் நிமிடத்துக்கு 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. இதெல்லாம் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1990களில் வகுத்த பழைய காகித வழிகாட்டியில் இருப்பவைதான். ஆனால் நீண்ட வரிசை வெளியே நிற்கும்போது சுவரில் தொங்கும் அட்டவணையை யார் புரட்டுவார்? செயலி, எண்ணைப் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்க்கச் சொல்லும். தேவைப்பட்டால் மட்டும் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனை. கடைசியில்தான் மருந்து வரும். கிலோ கணக்கைப் போட்டு, அலமாரியில் இருக்கும் மாத்திரையில் இத்தனை என்று சொல்லும். பெருக்கல் அதன் வேலையில் ஆகச் சின்னது.

டார் எஸ் சலாம் நகரச் சுகாதார நிலையங்களில் 3,192 குழந்தைகளோடு நடந்த சோதனையின் முடிவு 2017இல் வந்தது. வழக்கமான முறையில் நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் எழுதினார்கள். அந்தக் காகித வழிகாட்டியின் பழைய மின்னணு வடிவத்தில் 30. ஈ-பாக்ட்டில் 11. மருந்தைக் குறைத்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடாதா என்ற பயம் நியாயமானது. ஏழாம் நாள் பார்த்தபோது குணமாகாதவர்கள் பழைய மின்னணு வடிவத்தில் 4.1 விழுக்காடு, ஈ-பாக்ட்டில் 2.3. குறைத்து எழுதிய இடத்தில் அதிகம் பேர் தேறியிருந்தார்கள்.

ஆய்வுக்கூடப் பளபளப்பு ஊருக்குள் வந்தால் மங்கும். இதுவும் மங்கியது, ஆனால் அணையவில்லை. ம்பேயா, மொரோகோரோ வட்டாரங்களில் 40 சாதாரண சுகாதார நிலையங்களை எடுத்து, பாதியில் செயலியின் புதிய வடிவத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 44,000க்கு மேற்பட்ட வருகைகள். 2024இல் வெளியான கணக்குப்படி வழக்கமான நிலையங்களில் 70.1 விழுக்காட்டினருக்கு ஆன்டிபயாடிக், செயலி இருந்த நிலையங்களில் 23.2. தேறாமல் போன குழந்தைகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. முந்தைய 11 இங்கே 23 ஆனதை நான் குறையாகப் பார்க்கவில்லை. மின்சாரம் போகும், பரிசோதனைப் பட்டை தீரும், ஊசி போடாமல் அனுப்புகிறாயே என்று அம்மா சண்டைக்கு வருவார். அத்தனைக்கும் நடுவில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்றால் அது ஊருக்குள் நிற்கக்கூடிய எண்.

இதை அப்படியே பெட்டியோடு நம் ஊருக்கு இறக்கிவிடலாமா? ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. கணினிக்கு முன்பே அவசரப் பிரிவுகளில் ப்ரோஸ்லோ நாடா என்று ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. 1980களில் ஜேம்ஸ் ப்ரோஸ்லோ என்ற அமெரிக்க டாக்டர் செய்தது. குழந்தையைப் படுக்கவைத்துப் பக்கத்தில் நாடாவை நீட்டினால் குதிகால் எந்த நிறத்தில் முடிகிறதோ அதுதான் எடை, அதிலேயே டோஸும் அச்சிட்டிருக்கும். எடை போட நேரமில்லாத நிமிடத்தில் அற்புதமான யுக்தி. இந்தியக் குழந்தைகளிடம் அளந்து பார்த்து 2008இல் எழுதினார்கள். 10 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகளின் எடையை அது பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டிக் காட்டியது. நாடாவில் பிழை இல்லை. அது வேறு நாட்டுச் சாப்பாட்டில் வளர்ந்த குழந்தைகளை அளந்து செய்தது. மென்பொருளும் அப்படித்தான். ஒரே மருந்து எத்தனையோ கம்பெனிப் பெயரில், இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்த சிரப்பாக, 125இலும் 250இலும் விற்கும் நாட்டில், எங்கள் வீட்டு டப்பாவில் விழுந்த அந்த மூன்று பாட்டிலையும் பெயர் சொல்லிப் பிரித்தறியாத செயலி பெருக்கலை எவ்வளவு சரியாகப் போட்டும் பிரயோஜனமில்லை. அந்தப் பட்டியலை எழுதுவதும், மாதாமாதம் திருத்துவதும் அலுப்பான வேலை. திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார், திருத்துவதற்கு ஆள் வேண்டும்.

பாஸ்டன் ஆய்விலிருந்து ஒரு எண்ணை மேலே சொல்லாமல் விட்டுவைத்தேன். அந்த நூலிழைத் தவறுகளில் எத்தனையை எது தடுத்திருக்கும் என்று மருத்துவர்களை உட்காரவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். கணினி உத்தரவு முறை 93 விழுக்காட்டைத் தடுத்திருக்கலாம் என்றார்கள். மென்பொருள் விற்பவர்களுக்கு இனிக்கும் எண். அதே பக்கத்தில் அடுத்ததாக இருப்பது 94. டாக்டர் ரவுண்ட்ஸ் போகும்போது கூடவே வார்டில் நிற்கும் மருந்தாளுநர் தடுத்திருக்கக்கூடியது.

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கும் இடத்துக்குப் போனேன். கம்பி வலைக்குப் பின்னால் மருந்தாளுநர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. சீட்டு உள்ளே போகிறது, சிரப் வெளியே வருகிறது. குழந்தை இந்தப் பக்கம் அம்மா இடுப்பில் தூங்குகிறது, அவர் கண்ணில் படாத உயரத்தில். சீட்டில் பெயருக்கும் வயதுக்கும் இடம் விட்டு அச்சிட்டிருந்தார்கள். எடைக்கு விடவில்லை.